கூந்தன்குளத்தில் ஒரு சித்திரைப் பகல்

பங்குனிக் கடைசியில் ஒரு வாசகர் கடிதம் என் கைக்கு வந்தது. எழுதியவர் கண்மாய்ப் பாசனப் பகுதியைச் சேர்ந்தவர். கிணற்றுத் தண்ணீரை நம்பி இரண்டு ஏக்கரில் கோடை நெல் வைக்கிறார். அவருடைய கேள்வி இது: ‘எங்கள் கண்மாய்க்கரை மரங்களில் மூன்று வருடங்களாக நாரைகள் வந்து அடைகின்றன. விடிந்ததும் நாற்றங்காலில் இறங்கி, நாற்றை மிதித்துச் சேறாக்கிவிடுகின்றன. தகரம் தட்டிப் பார்த்தோம். வெடி போட்டும் பார்த்தோம். அரிசியில் மருந்து கலந்து வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள். எந்த மருந்து, எவ்வளவு கலக்க வேண்டும் என்று தெரிவிக்கவும்.’

‘வைக்காதீர்கள்’ என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதிவிடலாம். எழுதியும் பார்த்தேன். ஆனால் விதை வாங்கி, ஊறப்போட்டு, முளைகட்டி, விதைத்துவிட்டு, பத்தாம் நாள் காலையில் நாற்றங்காலைச் சேறாகப் பார்க்கிற மனிதருக்கு அந்த ஒரு வார்த்தை போதாது. நாரையை நான் நன்றாகப் பார்த்ததும் இல்லை. முப்பது வருடமாக வயல் வரப்புகளில் நடக்கிறவன்தான். கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் தினமும் கண்ணில் படும். கண்ணில் படுவது வேறு, பார்ப்பது வேறு.

கல்லூரி விடுமுறைக்கு மகள் வந்திருந்தாள். பறவை பார்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு, பைனாகுலரும் வைத்திருக்கிறாள். ‘கூந்தன்குளம் போவோம் அப்பா, இப்பதான் குஞ்சுகள் இருக்கும்’ என்றாள். சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வண்டியை எடுத்தோம்.

திருநெல்வேலியிலிருந்து கூந்தன்குளம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். பாளையங்கோட்டை தாண்டி மூலைக்கரைப்பட்டி வழியாகப் போக வேண்டும். பாளையங்கோட்டையைச் சுற்றித் தாமிரபரணித் தண்ணீரில் பச்சையாக இருக்கிற வயல்கள் கொஞ்ச தூரத்தில் முடிந்துவிடும். அப்புறம் பனையும் உடைமரமும் வெட்டவெளியும்தான். மூலைக்கரைப்பட்டியில் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், இந்தக் காட்டில் எங்கே பறவை இருக்கப் போகிறது என்றுதான் தோன்றும். நாங்குநேரி வட்டத்தின் குளங்கள் முக்கால்வாசி இந்த மாதத்தில் வெடித்துக் கிடக்கும். மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து கைகொடுத்த வருடத்தில்தான் இப்படிப்பட்ட குளங்களில் சித்திரை வரை தண்ணீர் நிற்கும். இந்த வருடம் நின்றிருந்தது.

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மூக்கின் உச்சியில் ஏறுகிற அந்த அம்மோனியா நெடி. அடுத்தது சத்தம். நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே நேரத்தில் இரை கேட்டுக் கத்துகிற சத்தம். கடைசியில்தான் பறவை தெரிந்தது. அதுவும் குளத்தில் இல்லை; ஊருக்குள், ஒரு வீட்டு முற்றத்து வேப்பமரத்தில். கீழே ஒரு அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே பத்துப் பன்னிரண்டு நாரைக் கூடுகள்.

கூந்தன்குளம், பக்கத்திலுள்ள காடன்குளம் ஆகிய இரண்டு குளங்களையும் சேர்த்து 129 எக்டேர், அதாவது சுமார் 320 ஏக்கர், 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அரசு அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பே இந்த ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். தீபாவளிக்கு இங்கே வெடி போடுவதில்லை. செங்கல்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கலிலும் இதே கதைதான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டபோது ஊர் விவசாயிகள் கலெக்டரிடம் போய் நின்று, இந்தப் பறவைகளைத் தொடக் கூடாது என்று எழுத்து வாங்கினார்கள். அது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் நடந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீரால் தங்கள் நெல் விளைகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பறவை பார்ப்பது என்றால் மார்கழி, தை என்று நினைக்கிறோம். அப்போது வருகிறவை பெரும்பாலும் விருந்தாளிகள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து, ஊசிவால் வாத்து போன்றவை வந்து, தின்று, வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடும். கோடையில் இங்கே இருப்பவை நம் நாட்டுப் பறவைகள். அவை வந்திருப்பது பிள்ளை வளர்க்க. நாரைகளும் கூழைக்கடாக்களும் மார்கழி, தையில் வந்து கூடு கட்டத் தொடங்கி, ஆனி வரைகூட இருக்கும்.

பார்வைக் கோபுரத்தில் ஏறி நின்றபோது சூரியன் ஒரு பனை உயரம் வந்திருந்தது. குளத்துக்குள் நிற்கிற கருவேல மரங்கள் வெள்ளையடித்த மாதிரி இருந்தன. எல்லாம் எச்சம். கூடு அதிகமுள்ள மரங்களில் இலையே இல்லை; சில மரங்கள் பட்டே போயிருந்தன. உரம் கூடினால் என்ன சார், பயிருக்கு நல்லதுதானே என்று கேட்கிறவர்களை இங்கே கூட்டி வந்து அந்த மரங்களைக் காட்ட வேண்டும்.

‘அது நத்தைகுத்தி நாரை’ என்று நான் கை காட்டியதை மகள் திருத்தினாள். நான் காட்டியது மஞ்சள் மூக்கு நாரையாம். சங்குவளை நாரை என்றும் சொல்கிறார்கள். கிட்டத்தட்ட நம் இடுப்பு உயரம். நுனியில் லேசாக வளைந்த மஞ்சள் அலகு, முடியில்லாத ஆரஞ்சு நிற முகம், மார்பில் கறுப்புப் பட்டை, வால் பக்கம் தாழம்பூச் சேலைக் கரை போல ஒரு ரோஜா நிறம். நத்தைகுத்தி நாரை இதைவிடச் சிறியது, சாம்பல் வெள்ளை. அதன் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்து உள்ளே இருப்பதை உருவித் தின்ன அமைந்த அலகு அது. கூழைக்கடா, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, சிவப்புக் கண்ணோடு கிளைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் வக்கா என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒரு மணி நேரத்தில் நான் பெயர் சொல்லக் கற்றவை பதினான்கு. முப்பது வருடத்தில் கற்றதைவிட அதிகம்.

மஞ்சள் மூக்கு நாரை இரை தேடுகிற விதத்தைக் கரையோரத்தில் அருகிலிருந்தே பார்க்க முடிந்தது. கடிதம் எழுதிய அன்பர் இதைக் கவனிக்க வேண்டும். முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று, அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, இடமும் வலமுமாகத் துழாவுகிறது. ஒரு காலால் சேற்றைக் கலக்குகிறது. அலகில் மீனோ தவளையோ பட்டதும் சட்டென்று மூடிக்கொள்கிறது. கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை, பட்டால் பிடிக்கிறது. அதனால் இதற்குச் சேறும் தண்ணீரும் வேண்டும். நாற்று வேண்டாம், நெல்லும் வேண்டாம். அரிசியில் நீங்கள் எதைக் கலந்து வைத்தாலும் நாரை அதைத் தொடவே தொடாது. தொடுவது புறா, மைனா, சிட்டுக்குருவி, உங்கள் வீட்டுக் கோழி. செத்த புறாவைத் தின்கிற நாயும் கூடப் போகும்.

பதினோரு மணிக்கு மேல் கோபுரத்தின் கைப்பிடியைத் தொட முடியவில்லை. அத்தனை சூடு. பறவை பார்க்க வந்த இரண்டு மூன்று குடும்பங்களும் கிளம்பிவிட்டார்கள். நானும் கிளம்பியிருப்பேன், மகள் விடவில்லை. இருந்தது நல்லதாகப் போயிற்று. நாங்கள் பார்த்ததிலேயே பெரிய விஷயம் அந்த உச்சி வெயிலில்தான் நடந்தது.

ஒரு கூட்டில் மூன்று குஞ்சுகள். அழுக்கு வெள்ளை நிறம், அம்மாவின் அழகு ஒன்றும் இன்னும் வரவில்லை. தாயோ தகப்பனோ ஒன்று சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு இறக்கைகளையும் பாதி விரித்துக் குடை பிடிக்கிறது. குஞ்சுகள் அந்த நிழலுக்குள் நெருங்கி நிற்கின்றன. நிழல் நகர நகர அதுவும் திரும்புகிறது. இருபது நிமிடம் பைனாகுலரை எடுக்காமல் பார்த்தேன், அது இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு மற்றது வந்தது. இரை கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்தேன். கழுத்தை வளைத்துக் குஞ்சுகளின் மேல் அது கக்கியது தண்ணீர். தலையிலும் வாயிலும் ஊற்றியது. குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. பெரிய பறவைகள் தங்கள் கால்களின் மேலேயே எச்சமிட்டுக்கொள்வதையும் மகள் காட்டினாள். அசிங்கம் என்று நினைத்தேன். அது காயும்போது கால் குளிர்கிறதாம். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. பக்கத்து மரத்தில் கூழைக்கடாக்கள் தொண்டைப் பையை விடாமல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அதுதான் விசிறி.

முட்டை பொரிய ஒரு மாதம். பொரித்த குஞ்சு பறந்து போக இரண்டு மாதம், சில நேரம் அதற்கும் மேல். மூன்று மாதத்துக்குக் குறையாமல் இரண்டு பறவைகளும் மாற்றி மாற்றி இந்த வேலையைச் செய்ய வேண்டும். ஒன்று நிழலுக்கு நிற்க, மற்றது இரைக்குப் போகிறது. இரை தேடப் பல கிலோமீட்டர் தள்ளி எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கே போகும். சித்திரையில் நம் பக்கம் தண்ணீர் எங்கே இருக்கும்? பெரிய குளத்தின் மிச்சத்தில். அல்லது யாராவது ஒருவர் கிணற்றிலிருந்து இறைத்துச் சேறடித்து வைத்திருக்கிற நாற்றங்காலில். போன ஒன்று திரும்பவில்லை என்றால் நிழலுக்கு நிற்பது இரைக்குப் போயாக வேண்டும். போனால் மூன்று குஞ்சுகளும் வெயிலில்.

இதை மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், இதுவரை வீட்டில் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

1996. எனக்கு முதல் வேலை, தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு வட்டாரம். பிசான நெல்லில் குருத்துப்பூச்சி. ஒரு விவசாயி வயலுக்கு என்னை அழைத்துப் போனார். வெண்கதிர் வந்துவிடும் என்று பயந்தார். போரேட் 10 ஜி குருணை, ஏக்கருக்கு 4 கிலோ, மணலில் கலந்து வீசச் சொன்னேன். புத்தகத்தில் இருந்த அளவுதான். நானே வரப்பில் நின்று வீச வைத்தேன். தண்ணீரை வெளியே விடாமல் கட்டச் சொன்னேன். மறுநாள் காலையில் ஆள் வந்து கூப்பிட்டது. மருந்துக்கு மேலே எழும்பி வந்த பூச்சிகளையும் தவளைகளையும் கொக்குகள் தின்றிருக்கின்றன. வரப்பிலும் வாய்க்காலிலும் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. உண்ணிக்கொக்குகள். உழவுக்குப் பின்னாலேயே நடந்து வந்து வெட்டுக்கிளி பொறுக்குமே, அவைதான். எண்ணினேன், முப்பத்தேழு. அந்த விவசாயியும் நானும் குழி வெட்டிப் புதைத்தோம். அவருடைய அம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தார். ‘பூச்சிக்குன்னுல்லா சொன்ன, தம்பி’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றோடு நான் அந்த மருந்தைச் சொல்வதை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. அடுத்த வாரம் இன்னொரு ஊரில் அதையே சொன்னேன். ‘கொக்கு வராம ஆள் நிறுத்திக்கோங்க’ என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். முழுதாக விட ஐந்தாறு வருடம் ஆயிற்று. நாட்டில் போரேட்டைப் பயன்படுத்தத் தடை வந்தது 2020 டிசம்பர் முடிவில்.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: ‘எந்த மாசம் அப்பா அது?’

கார்த்திகை.

‘கொக்கு கூடு வைக்கிற மாசமில்லையா?’

நம் பக்கத்தில் கொக்குகள் மழைக்காலத்தை ஒட்டித்தான் கூடு வைக்கும். இத்தனை வருடத்தில் அந்த முப்பத்தேழை நான் பலமுறை நினைத்திருக்கிறேன். அவற்றின் கூடு எங்கே இருந்தது, அதில் என்ன இருந்தது என்று ஒருமுறையும் நினைத்ததில்லை.

இரண்டு மணிக்கு மேல் கரையோர நிழலில் நடந்தோம். மடைப் பக்கம் ஒரு பெரியவர் ஆடுகளை மடக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். ‘என்ன அண்ணாச்சி, குளத்தில் தண்ணி இருக்கே, கோடைப் பயிர் போடலையா?’ என்று வேலைப் பழக்கத்தில் கேட்டேன். ‘கிணறு இருக்கவங்க போடுதாங்க சார். குளத்துத் தண்ணிய இப்பம் எடுத்தா அது பாவம்லா’ என்றார். அவர் சொன்னது வெறும் பாவ புண்ணியக் கணக்கு இல்லை. முன்பு ஒரு வருடம் மழை குறைந்து, மாசியிலேயே குளம் வற்றிவிட்டதாம். மரத்தடியில் தண்ணீர் இருக்கும்வரை நாயும் நரியும் உள்ளே வராது. தண்ணீர் வற்றியதும் நாய்கள் நடந்தே போய், விழுந்த குஞ்சுகளை எல்லாம் தின்றிருக்கின்றன. பல பறவைகள் கூட்டை விட்டுவிட்டே போயினவாம். ‘அதுக்கு அடுத்த வருசம் கொஞ்சந்தான் வந்திச்சு. அதை மறக்கும்ங்கீங்களா?’ என்று கேட்டார்.

உரத்தைப் பற்றிக் கேட்காமல் எப்படி வருவது? இந்தக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயலுக்கு யூரியாவை அவர் பாதிகூடப் போடுவதில்லையாம். அடுத்தவர்களைப் பார்த்து ஒரு வருடம் முழு அளவு போட்டதில் பயிர் கரும்பச்சையாகி, இலைச்சுருட்டுப் புழு வந்து, கதிர் முற்றுவதற்குள் சாய்ந்துவிட்டதாம். அது நடக்கக்கூடியதே. கோழி எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதமும் மணிச்சத்து 2.6 சதவீதமும் உண்டு. தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம்தான். மீன் தின்னும் பறவையின் எச்சம் கோழி எருவுக்குக் குறைந்தது இல்லை. அது கரைந்த தண்ணீர் வயலுக்கு வரும்போது, மேலுரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. இப்படிப்பட்ட குளத்துப் பாசனக்காரர்கள் இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே நிறம் இறங்கினால் மட்டும் யூரியா போட்டால் போதும்.

முன்பெல்லாம் குளம் வற்றிய பிறகு எச்சம் கலந்த வண்டலை வண்டியில் அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். வாசகர்கள் கேட்கக்கூடும், அதனால் சொல்கிறேன்: சாதாரணக் குளத்தில் வண்டல் எடுப்பதற்குத் தாசில்தார் அனுமதி போதும் என்றாலும், சரணாலயத்துக் குளத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்கூட எடுக்க முடியாது. கூடு உள்ள மாதத்தில் கேட்கவும் வேண்டாம்.

நான்கரை மணிக்கு ஊருக்குள் திரும்பினோம். காலையில் பார்த்த அம்மா திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். வேப்பமரத்தடியில் மண் தெரியாமல் வெள்ளை. பாதி செரித்த மீன் ஒன்று கிடந்தது, பூனை எடுத்துக்கொண்டு போனது. இந்த மாதங்களில் மொட்டை மாடியில் வற்றல் போட முடியாது, துணி காயப்போட முடியாது, வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குறை சொல்கிற குரல்தான். பறவை என்றால் எல்லாருக்கும் ஆனந்தம் என்று எழுதுகிறவர்கள் இந்த முற்றத்தை ஒருநாள் கூட்டிப் பார்க்க வேண்டும். ‘பின்னே கிளையை வெட்டிவிட வேண்டியதுதானே அம்மா?’ என்று மகள் கேட்டாள். அந்த அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. ‘மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா. வீடு நாறுதுன்னு வெளிய தள்ளுவாங்களா?’

நாங்கள் உட்கார்ந்திருந்தபோதே ஒரு குஞ்சு கிளையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. இறக்கை முளைக்கிற பருவம். மற்ற இரண்டும் நெருக்கித் தள்ளியிருக்கும். அந்த வீட்டுப் பையன், பத்து வயதிருக்கும், ஓடிப் போய்க் கோணிச் சாக்கை அதன் மேல் போட்டு, அலகு கண்ணில் குத்தாதபடி தலையைத் தள்ளிப் பிடித்துத் தூக்கினான். வனத்துறைக்காரர்கள் விழுந்த குஞ்சுகளை வைத்துப் பார்க்கிற இடத்துக்குக் கொண்டு போனான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மா பேச்சை நிறுத்தவும் இல்லை.

ஐந்தரைக்கு மேல் மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் பறவைகள் திரும்பத் தொடங்கின. நான்கு, ஆறு, பத்து என்று வரிசையாக, கழுத்தை நீட்டி, இறக்கை அடிக்காமல் மிதந்து வந்து, குளத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, தன் தன் கூட்டில் இறங்கின. இறங்குகிற ஒவ்வொன்றுக்கும் அந்தக் கூட்டில் மட்டும் கத்தல் எழும்பி அடங்கும். மகள் எண்ணிக்கொண்டிருந்தாள். நான் எண்ணவில்லை. ஒரு கூட்டில் மட்டும், நாங்கள் கிளம்புகிறவரை, ஒரு பறவை தனியாகவே நின்றது. இருட்டிய பிறகு அதன் துணை வந்திருக்கலாம்.

இனிக் கடிதம் எழுதிய அன்பருக்கு.

முதலில், நாற்றங்காலில் இறங்குவது யார் என்று சரியாகப் பாருங்கள். காலை ஆறு மணிக்குப் போய் மறைந்து நின்று பார்த்தால் தெரியும். நாரையும் கொக்கும் என்றால் அவை தேடுவது தவளையும் பூச்சியும். நாற்று மிதிபடுகிறதே தவிர, தின்னப்படுவதில்லை. நாற்றின் குருத்து கடித்துத் துண்டாகிக் கிடந்தால் அது தாழைக்கோழி, நாமக்கோழி வேலையாக இருக்கலாம். விதைத்த முளையே காணாமல் போனால் புறாவும் சிட்டும். எல்லாப் பழியும் உயரமாகத் தெரிகிற நாரை மேல் விழுந்துவிடுகிறது.

நாரைதான் என்று உறுதியானால், நாற்றங்காலில் தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள். விதைத்த முதல் வாரம் ஈரம் மட்டும் போதும். பகலில் வடித்துவிட்டு, மாலையில் மெல்லிசாகக் கட்டுங்கள். தண்ணீர் தேங்காத இடத்தில் தவளை இல்லை, தவளை இல்லாத இடத்தில் நாரைக்கு வேலை இல்லை. நாற்றங்காலின் குறுக்கும் நெடுக்குமாக ஒரு முழ உயரத்தில் நைலான் கயிறு கட்டிவிடுங்கள். நீண்ட காலும் பெரிய இறக்கையும் உள்ள பறவை அதற்குள் இறங்கத் தயங்கும். பளபளக்கும் நாடா இருந்தால் அதையும் சேர்த்துக் கட்டலாம், ஆனால் அது ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இதைவிட நல்லது, முறையையே மாற்றுவது. ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால் விடுகிறீர்கள். திருந்திய நெல் சாகுபடிக்கான பாய் நாற்றங்கால் என்றால் ஏக்கருக்கு ஒரு சென்ட் போதும். உங்கள் இரண்டு ஏக்கருக்கு இரண்டு சென்ட். அதை வீட்டுப் பக்கத்தில் வைத்து, பழைய மீன் வலையைக் கம்பு நட்டு மேலே விரித்துக்கொள்ளலாம். பதினான்கு, பதினைந்து நாளில் நாற்று தயார். காவலுக்கு ஆள் வேண்டாம்.

நடவுக்குப் பிறகு அதே பறவைகளை வரவிடுங்கள். வரப்பை ஓட்டை போடுகிற நண்டையும் நத்தையையும் அவை எடுக்கும். ஏக்கருக்கு இருபது இடத்தில் குறுக்குக் கட்டை வைத்த குச்சி நட்டால் பகலில் கரிச்சானும் இரவில் ஆந்தையும் வந்து உட்காரும். எலியை ஆந்தை பார்த்துக்கொள்ளும்.

மருந்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எந்த மருந்தும் இல்லை, எந்த அளவும் இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் விஷம் வைப்பதும் வேட்டையாடுவதாகவே கருதப்படும், வழக்கு வரும். யாராவது அளவு சொன்னால், அவர் சொன்னதை என்னைப் போல முப்பது வருடம் நினைத்துக்கொண்டிருக்கப் போகிறவர் நீங்கள்.

மூன்று வருடமாக உங்கள் கண்மாய்க்கரை மரத்தில் அவை அடைவதாக எழுதியிருக்கிறீர்கள். இரவில் தங்க மட்டும் வருகின்றனவா, கூடு வைத்திருக்கின்றனவா? கிளை நுனிகளில் சுள்ளிகள் அடுக்கிய தட்டுப் போல இருக்கிறதா என்று பார்த்து, அடுத்த இதழுக்குள் ஒரு கடிதம் போடுங்கள். கூடு இருந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். வரும்போது பாய் நாற்றங்காலுக்கு வேண்டிய மரச்சட்டம் ஒன்றும் கொண்டு வருகிறேன்.